ஓரகத்தியின் முறை

ராசித்தியைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை. ஜகார்த்தாவில் வானத்தை முட்டும் அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால், இரண்டு மோட்டார் சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்தில் அவளுடைய சோற்றுக்கடை. நீலச் சாயம் அடித்த பலகைச் சுவர், இரண்டு வாசல், நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதை ஒட்டி நீள பெஞ்சு. காலை வெயில் ஏறுவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். இனிப்பு சோயாச் சாற்றில் புரட்டிய தெம்பே என்கிற சோயாக்கட்டி, மிளகாய் அரைத்துப் பூசின முட்டை, தேங்காய்ப்பால் விட்ட பலாக்காய், சூரை மீன், கருப்பாகச் சுண்டிப்போன ஜெங்கோல் கொட்டை. விரலை நீட்டினால் போதும், தட்டுக்கு வந்துவிடும். காவலாளிகளும் கொத்தனார்களும் கழுத்தில் அட்டை தொங்கும் அலுவலகப் பெண்களும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவள் புடே. பெரியம்மா என்பது போல.

ஜாவாவில் தெகல் என்ற ஊர்ப் பக்கத்து வெங்காய வயலில் பிறந்தவள் அவள். பல் விழுந்து முளைப்பதற்குள் வெங்காயத் தாள் அறுக்கக் கற்றுக்கொண்டாள். பதினாறு வயதில் ஜகார்த்தாவுக்குத் தட்டு கழுவ வந்தாள். தட்டு கழுவின கடையிலேயே சோறு வடித்துக்கொண்டிருந்த காஸ்முரியைக் கட்டிக்கொண்டாள். காஸ்முரி மெதுவாகப் பேசுவான். பூனை வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனால்கூட, பசித்திருக்கும், போகட்டும் என்பான். இவள் மிளகாய் அரைப்பாள், அவன் சோறு வடிப்பான். பிறகு காஸ்முரியின் அண்ணன் வாஸ்ரோவோடு சேர்ந்து இந்தச் சந்தில் கடை பிடித்தார்கள். தெகல்காரர்கள் எல்லோரும் செய்வது போலத்தான்: ஒரு கடை, இரண்டு குடும்பம். நான்கு மாதம் இவர்கள் அடுப்படியில் நிற்பார்கள், அவர்கள் ஊரில் வயலைப் பார்ப்பார்கள். பிறகு மாறிக்கொள்வார்கள். வாஸ்ரோவின் மனைவி தர்கோனாவும் ராசித்தியும் இத்தனை வருஷத்தில் முகம் பார்த்துக்கொண்டதெல்லாம் முறை மாறும் நாட்களிலும் பெருநாளிலும்தான். அதனாலேயே அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

தர்கோனாவின் கை வேறு கை. எதிலும் ஒரு பிடி சர்க்கரை கூடப் போடுவாள். இரண்டாம் முறை குழம்பு கேட்டால் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டிக் காட்டுவாள். அவள் முறையில் பெஞ்சில் இடம் கிடைக்கும். சாப்பிட்டுக் கை கழுவப் போகிறவர்கள் அவளிடமே கேட்பார்கள், புடே ராசித்தி எப்போது வருவார் என்று. கேட்கிறவனுக்கு அது ஒரு பேச்சு. வருஷக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு அது அப்படி இல்லை.

காஸ்முரிக்கு ஈரல் வீங்கியது நோன்பு மாதம் தொடங்க இருந்த சமயத்தில். கண் மஞ்சளானது, வயிறு உப்பியது. கடையின் பின்னறையில் படுத்துக்கொண்டே அரிசி வெந்துவிட்டதா என்று வாசனையை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்தமாக வாந்தி எடுத்தான். அங்கேயே போய்விட்டான். உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது எல்லோரையும்விட உரக்க அழுதவள் தர்கோனா. ஏழாம் நாள் ஓதலுக்கும் நாற்பதாம் நாள் ஓதலுக்கும் அவள்தான் அடுப்படியில் நின்று சமைத்தாள். ராசித்தி அந்தத் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். பின்னால் நினைக்கும்போது அவளுக்கு ஆறாமல் போனது அந்தத் தோள்தான்.

அந்த வருஷமே சந்தின் முனையில் ஒரு புதிய கட்டடம் திறந்தார்கள். அதில் வேலை பார்க்கிறவர்கள் உள்ளே இருந்த குளிர்சாதனக் கடையில் ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கூட்டம் கூட்டமாகச் சந்துக்குள் இறங்கினார்கள். ராசித்தியின் முறையில் மதியம் இலைக்கட்டுச் சோறு வாங்க வாசல்வரை வரிசை நின்றது. தனியாளாகச் சமாளிக்க முடியாமல் ஊரிலிருந்து இரண்டு பெண்களைத் துணைக்குக் கூட்டி வந்தாள். புருஷன் போன துக்கம் அடுப்புச் சூட்டில் கொஞ்சம் காய்ந்தது.

அப்படி ஒரு முறை முடிந்து ஊருக்குப் போய், மறுபடி தன் முறைக்குத் திரும்பி வந்தபோதுதான் கடை மாறியிருந்தது.

முதல் வாரம் அவளுக்குப் புரியவில்லை. பெஞ்சில் பாதி காலி. வந்தவர்களும் அடுப்புப் பக்கம் உட்காரவில்லை, வாசல் பக்கமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு கொத்தனார் சோற்றில் கை வைப்பதற்கு முன் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் செப்தி, எப்போதும் நாலு தோழிகளோடு வந்து ஜெங்கோல் இருக்கிறதா என்று வாசலிலிருந்தே கத்துகிறவள், தனியாக வந்து, அவித்த முட்டை இரண்டு மட்டும் கேட்டாள். ஓட்டோடு வேண்டும் என்றாள். தானே உரித்துக்கொள்கிறாளாம். உடம்பு சரியில்லையா என்று ராசித்தி கேட்டதற்கு, அவள் முகத்தைப் பார்க்காமலே இல்லை புடே என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மூன்றாவது வாரம் நாமின் சொன்னான். நாமின் மோட்டார் சைக்கிளில் ஆளேற்றிப் பிழைக்கிறவன், ஜகார்த்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன், எதையும் அடக்கி வைக்கத் தெரியாதவன். அவன் மட்டும் வழக்கம்போல அடுப்புக்கு எதிரே ஒரு காலைப் பெஞ்சில் மடக்கி வைத்து உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

"புடே, கோவப்படக் கூடாது. இந்தச் சந்துல பேசறதைத்தான் சொல்றேன்."

"சொல்லு."

"நீங்க இந்த அடுப்புக்கு அடியில எதையோ வச்சு வளர்க்கறீங்களாம். அதுதான் கூட்டத்தை இழுக்குதாம். அதுக்குப் பலி கேக்குமாம்." அவன் வாயில் இருந்ததை விழுங்கினான். "உங்க வீட்டுக்காரரைக் குடுத்துட்டீங்கன்னு சொல்றாங்க."

ராசித்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எந்தச் சோற்றுக்கடை நன்றாக ஓடினாலும் இப்படி ஒரு கதை கிளம்பும். எதிர்ச்சந்து கோழிக்கடைக்காரனைப் பற்றியும் சொன்னார்கள்.

"நீ மட்டும் எப்படித் தைரியமா சாப்பிடறே?"

"எனக்குப் பொண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது. வண்டியும் தவணையில இருக்கு. என்கிட்ட வந்து அது எதை எடுத்துக்கும்?" அவன் மிளகாய்ச் சம்பலை வழித்துக்கொண்டே தொடர்ந்தான். "ஆனா புருஷன் மட்டும் இல்லையாம். அதுக்கு முன்னாடி வயித்துல இருந்த ஒரு பிள்ளையையும் குடுத்தீங்களாம். அதான் உங்களுக்கு அப்புறம் பிள்ளையே தங்கலையாம். இதெல்லாம் யார் கற்பனை பண்றாங்களோ."

ராசித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பிள்ளை கற்பனை இல்லை. கலியாணமாகி இரண்டாம் வருஷம், ஆறு மாதத்தில், ஊர் வீட்டில் வைத்து அது நழுவியது. காஸ்முரி அப்போது ஜகார்த்தாவில். வீட்டில் இருந்தவள் தர்கோனா ஒருத்திதான். அவள்தான் துணியில் சுற்றி, கொல்லையில் வாழைக்கு அடியில் குழி தோண்டி வைத்தாள். வெளியே சொல்லாதே, ராசியில்லாதவள் என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். காஸ்முரிக்கு மட்டும் சொன்னார்கள். ஆக மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார். ஒருத்தி இதோ கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று ராசித்தி நாமினைக் கேட்டாள். போட்டாள். குழம்பும் ஊற்றினாள்.

நேரே ஊருக்குப் போய்த் தர்கோனாவின் முடியைப் பிடித்து முற்றத்தில் இழுத்துப் போட்டிருக்கலாம். அதை அவள் நினைக்காமல் இல்லை. மிளகாய் அரைக்கும்போதெல்லாம் நினைத்தாள். ஆனால் போனால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். தர்கோனா அழுவாள், குர்ஆன் மேல் கை வைப்பாள், ஊர்ப் பெரியவர்கள் வந்து இரண்டு பேர் கையையும் சேர்த்து வைப்பார்கள், டீ வரும். அதோடு முடிந்துவிடும். ராசித்திக்கு அப்படி முடிவது வேண்டாம். தான் தூக்கிச் சுமப்பதை அவளும் தூக்கிச் சுமக்க வேண்டும். அதுவும் அவளாகவே குனிந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தர்கோனா வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள். கடை எப்படி என்று கேட்பாள். கொஞ்சம் மந்தம்தான் அக்கா என்று ராசித்தி சொல்வாள். அப்படியா, அல்லாவே, பொறுமையாக இரு, எனக்குத் தெரிந்த ஒரு துவா இருக்கிறது, சொல்லித் தரட்டுமா என்பாள் தர்கோனா. ராசித்தி அதையும் கேட்டு, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிப் பாடம் பண்ணுவாள். குரலில் ஒரு பிசிறு தெரியவிடவில்லை. அந்த மாதங்களில் யார் யார் வாசல் பக்கம் உட்கார்ந்தார்கள், யார் தட்டின் அடியைப் பார்த்தார்கள் என்பதையும் அவள் மனதில் எழுதிக்கொண்டாள். எல்லோருக்கும் சோறு போட்டாள்.

முறை மாறும் நாள் வந்தது. காலை பஸ்ஸில் தர்கோனாவும் வாஸ்ரோவும் வந்து இறங்கினார்கள். ராசித்தி வைத்த பலாக்காய்க் குழம்பை மூவரும் சாப்பிட்டார்கள். வாஸ்ரோ சாப்பிடும்போது இரண்டு தடவை இருமினான். சிகரெட் இருமல், இருபது வருஷமாக அவனோடு இருப்பது. அவன் மூட்டையை எடுத்து வைக்க வெளியே போனதும் ராசித்தி எழுந்து பின்பக்கம் அடுப்பண்டை போய் நின்றாள். அன்று விடியற்காலைத் தொழுகையிலேயே அவள் படைத்தவனிடம் சொல்லிவிட்டாள், இன்றைக்கு ஒரு பொய் சொல்லப்போகிறேன், மன்னித்துக்கொள் என்று. அனுமதி கேட்கவில்லை.

"அக்கா, இங்க வாங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே."

"நானா? என்னத்தக் கண்டுபிடிச்சேன்?"

ராசித்தி காலால் அடுப்பு மேடையின் அடியைக் காட்டினாள். "இதை."

தர்கோனாவின் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு மெல்ல வெளிறியது. தான் கட்டிவிட்ட கதை தனக்கே முன்னால் எழுந்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதுவும் தர்கோனாவுக்கு. பேய் உலவும் ராத்திரி என்று வியாழக்கிழமை இருட்டினால் கொல்லைப்பக்கம் போகாதவள் அவள். பல்லி கத்தினால் நின்று யோசிப்பவள்.

"என்ன பேசறே ராசி..."

"நான் இல்லாத நாலு மாசமும் அது இங்கதான் அக்கா இருக்கும். இதுவரைக்கும் அதுக்கு உங்களைத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நீங்க வாயால அதைப் பேசிட்டீங்களே. பேர் சொன்னவங்ககிட்டதான் அது கேக்கும்." ராசித்தி குரலை இன்னும் தாழ்த்தினாள். "வியாழக்கிழமை சாயங்காலம் பொழுது சாயற நேரத்துக்கு ஒரு தட்டு சோறு, உப்பு போடாம. மேல ஒரு முட்டை. உங்க கையால இங்க வைக்கணும். வச்சிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது."

"நான் எதுக்கு வைக்கணும்? உன்னோடது, நீ..."

"வைக்கறதும் வைக்காததும் உங்க இஷ்டம். அண்ணனுக்கு இருமல் எத்தனை நாளா இருக்கு?"

இவ்வளவுதான் சொன்னாள். வெளியே வாஸ்ரோ கூப்பிட்டான். ராசித்தி ஓரகத்தியின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சந்து முனையில் நாமின் வண்டியோடு நின்றான், அவளைப் பஸ் நிலையத்தில் விட. போகும் வழியில் அவனிடம் ஒரே ஒரு காரியம் கேட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம கடையில் சாப்பிடு, எப்போதும்போல அடுப்புக்கு எதிரே உட்கார். ஏன் என்றான். நீ சாப்பிடு, மற்றது தானாகத் தெரியும் என்றாள்.

ஊரில் வெங்காய அறுவடை. ராசித்தி சேற்றில் இறங்கி வேலை செய்தாள். தோளை வெயில் உரித்தது. வியாழக்கிழமைகளில் மட்டும் அவள் சீக்கிரம் கரையேறிவிடுவாள்.

முதல் வாரம் நாமினிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தன் பொய் பலிக்கவில்லையோ என்று அவள் தவித்துப்போனாள். பிறகு ஒரு நாள் நாமினின் குரல், மூச்சு வாங்க:

"புடே, உங்க அக்கா பாதிக் கதவைச் சாத்திட்டு, ஒரு தட்டைத் தூக்கிட்டு அடுப்புக்கு அடியில வச்சாங்க. பின்னாடியே நடந்து வந்தாங்க, பெஞ்சுல முட்டிக்கிட்டாங்க. நானும் காவல்காரர் ரெண்டு பேரும் பாத்தோம். என்ன புடேன்னு கேட்டா, எலிக்குங்கறாங்க. எலிக்கு யாராவது முட்டை வைப்பாங்களா?"

ராசித்தி கரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். புருஷன் போனபிறகு அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை. கதை அதே கதைதான், ஆள் மட்டும் மாறிவிட்டது. கண்ணால் பார்த்தவர்கள் இருந்ததால் இந்த முறை இன்னும் வேகமாக ஓடியது. சந்து முனைக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடிவரை ஏறியது. பலி கொடுத்தவள் தர்கோனாதானாம், பாவம் அந்தத் தம்பி பெண்டாட்டி, புருஷனைப் பறிகொடுத்தது இவளால்தானாம். நாமின் இதையெல்லாம் அவ்வப்போது சொல்லச் சொல்ல ராசித்தி உம், உம் என்று கேட்டுக்கொண்டாள். பாவம் என்ற சொல்லைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.

தர்கோனா சமைத்ததை ருசி பார்க்க மாட்டாளாம். அது வாய் வைத்த பாத்திரமாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம். குழம்பில் ஒரு நாள் உப்பில்லை, ஒரு நாள் வாயில் வைக்க முடியாத உப்பு. வாஸ்ரோ இருமினால் ஓதின தண்ணீரைக் கொண்டுவந்து குடிக்க வைப்பாள். அவனைப் பின்னறையில் படுக்கவிடாமல் பக்கத்துப் பள்ளிவாசல் திண்ணையில் படுக்க அனுப்பினாள். ஈரத்தில் படுத்துப் படுத்து அவனுக்கு இருமல் கூடியது. இருமல் கூடக்கூட அவளுக்குத் தூக்கம் போனது.

இரண்டாவது மாத முடிவில் வாஸ்ரோ தனியாக ஊருக்கு வந்தான். ராசித்தியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. காஸ்முரியின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து ஊர்வரை மடியில் தாங்கிக்கொண்டு வந்தவன் அவன். அதை ராசித்தி மறக்கவில்லை. காப்பி கலந்து கொடுத்தாள்.

"அவகிட்ட நீ என்ன சொன்னே ராசித்தி?"

"என்ன சொன்னேன்னு அக்கா சொல்றாங்க?"

"வாயத் திறக்க மாட்டேங்கறா. உன் பேரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கறா. ராத்திரி உக்காந்து என் மூக்குக்கிட்ட கை வச்சுப் பாக்கறா, மூச்சு வருதான்னு."

இந்த மனுஷனுக்காக நிறுத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு ராசித்திக்கு உண்மையாகவே வந்தது. கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, நான் என் புருஷனைப் பலி குடுத்தேன்னு அக்கா கடையில பேசினது உங்களுக்குத் தெரியுமா?"

வாஸ்ரோ காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றான்.

"பிள்ளையப் பத்திப் பேசினது?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். சொன்னேன், வேண்டாம்னு சொன்னேன், கேட்கவில்லை என்று ஏதோ முனகினான். உன் தம்பியைப் பற்றிப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு அவள் வைத்த சோற்றைத்தானே தின்றாய் என்று ராசித்தி கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அவன் முகத்திலேயே அது இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு, போய் வாருங்கள் அண்ணே, வெயில் ஏறுகிறது என்று மட்டும் சொன்னாள். நிறுத்துகிற நினைப்பு அதோடு போய்விட்டது.

தர்கோனாவால் தன் முறையை முடிக்க முடியவில்லை. மூன்றாம் மாதமே ராசித்தியை வரச்சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினாள். ராசித்தி அவசரப்படவில்லை. கடைசிச் சரக்கு வெங்காயத்தையும் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பஸ் ஏறினாள். நாமின் கொண்டுவந்து இறக்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம். அவள் வருகிறாள் என்று அவன் சந்து முழுக்கச் சொல்லிவைத்திருந்ததால், பல வாரமாகக் காலியாகக் கிடந்த பெஞ்சில் அன்று ஆள் நிறைந்திருந்தது. செப்தியும் தோழிகளும்கூட வாசலில் நின்றார்கள்.

தர்கோனா கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். பாதியாகியிருந்தாள். ராசித்தியின் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்தாள். ராசித்தி நகரவில்லை.

"அவரை விட்டுடச் சொல்லு ராசி. உன் கால்ல விழறேன். நீ சொன்னா கேக்கும்."

"சொல்றேன் அக்கா. நீங்க இவங்ககிட்ட பேசினதை இவங்ககிட்டயே திருப்பி எடுத்துக்கங்க. இங்கேயே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

தர்கோனா பெஞ்சைப் பார்த்தாள். சோறு பிசைந்த கைகள் நின்றுவிட்டிருந்தன. கடைசியில் அவள் சொன்னாள். தலையில் போட்டிருந்த துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, முதலில் முணுமுணுப்பாக. கேக்கலை என்று நாமின் சொன்னான். அவள் மறுபடி சொன்னாள். காஸ்முரி ஈரல் நோயில் செத்தான். பலி எதுவும் இல்லை. அந்தக் கதையைக் கட்டினது நான். இவ சமைச்சா கூட்டம் வருது, நான் சமைச்சா வரலை, அதைப் பொறுக்க முடியலை.

"பிள்ளை?" என்றாள் ராசித்தி.

"அது தானா நழுவிச்சு. நான்தான் அடக்கம் பண்ணினேன்." இதைச் சொல்லும்போதுதான் தர்கோனாவுக்கு அழுகை வந்தது.

ராசித்தி அதுவரை தன் பொய்யை உடைக்கவே கூடாது என்று நினைத்திருந்தாள். ஆனால் ஓரகத்தி அழுததைப் பார்த்தபோது, இது போதும் என்று தோன்றியது. இரக்கம் என்று சொல்ல முடியாது. வயிறு நிறைந்தவன் தட்டை ஒதுக்குவதைப் போல. பின்பக்கம் கூட்டிப்போய், காதோடு உண்மையைச் சொன்னாள். அடுப்புக்கு அடியில் கரியும் கரப்பானும் தவிர ஒன்றும் கிடையாது. எல்லாம் நான் கட்டினது. நீங்க என் மேல கட்டினதைப் போலவே நான் உங்க மேல கட்டினேன். அண்ணனுக்கு இருப்பது சிகரெட் இருமல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க.

தர்கோனா அவளையே பார்த்தாள். கண்ணீர் நின்றுவிட்டது.

"விட மாட்டேங்கறே," என்றாள். "அதான் இப்படிச் சொல்றே. எல்லார் முன்னாடியும் என்னை மானம் கெடுத்துட்டு, இப்ப ஒண்ணுமே இல்லைங்கறே. அதைக் கட்டிவைக்கத் தெரிஞ்ச உனக்கு அவுக்கத் தெரியாதா?"

"அக்கா, சத்தியமா ஒண்ணும் இல்லை."

"நான் ராத்திரி சத்தம் கேட்டிருக்கேன் ராசி."

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. ராசித்தி அடுப்பு மேடைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக் காட்டினாள். தர்கோனா பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். ஒரு டம்ளர் தண்ணீரில் எதையாவது ஓதித் தெளித்து, போய்விட்டது அக்கா என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தர்கோனாவின் பயம் அன்றைக்கே இறங்கியிருக்கும். ராசித்திக்கு அது தெரியாமல் இல்லை. டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், இதற்கு மேல் நான் பொய் சொல்லக் கடமைப்படவில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டு, தலைத்துணியின் நுனியைச் செருகிக்கொண்டு, காத்திருந்த கூட்டத்துக்குச் சோறு போடப் போனாள்.

தர்கோனா அதற்குப் பிறகு ஜகார்த்தா பக்கமே வரவில்லை. வாஸ்ரோவின் பங்கு முறைக்கு இப்போது அவனுடைய அத்தை மகனும் மனைவியும் வருகிறார்கள். சுமாராகச் சமைக்கிறார்கள். வாஸ்ரோவுக்கு மருந்து கொடுத்து இருமல் தணிந்துவிட்டது. ஆனால் தர்கோனா அவனை ஒரு நாள்கூட வீட்டை விட்டு வெளியே தங்க விடுவதில்லை.

கடையில் கூட்டம் பழையபடி நிறைந்தது. வாசல் பக்கம் உட்கார்ந்தவர்கள் அடுப்புப் பக்கம் திரும்பி வந்தார்கள். அவர்களையும் ராசித்தி சும்மா விடவில்லை. தட்டின் அடியைப் பார்த்த கொத்தனாருக்கு மீனில் எப்போதும் வால்தான். செப்திக்கு ஜெங்கோல் பானையின் அடியில் உடைந்து கிடப்பது. சிரித்துக்கொண்டேதான் போடுவாள், என்னம்மா மெலிஞ்சுட்டே என்று கேட்டுக்கொண்டே. ஒரு வருஷம் அப்படி நடந்தது. அவர்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனாள். அன்று எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். தர்கோனாவும் வந்தாள், கையை நீட்டினாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. உடலாலும் உள்ளத்தாலும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், எல்லோரும் சொல்வதைப் போல. ராசித்தி மன்னிக்கவில்லை. மன்னித்ததாக நினைத்துக்கொள்ளவும் முயற்சி செய்யவில்லை.

சாயங்காலம் காஸ்முரியின் கபருக்குப் போனாள். முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள், பூ தூவினாள், குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினாள். பிறகு வழக்கம்போலச் செய்திகளைச் சொன்னாள். கடைக்குப் புதிதாக ஒரு மின்விசிறி மாட்டியிருக்கிறேன், நாமினுக்குப் பெண் பார்க்கிறார்கள், அரிசி முன்பு மாதிரி இல்லை, தண்ணீர் அதிகம் குடிக்கிறது. அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம் என்றாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. மீனைத் தூக்கின பூனையையே போகட்டும் என்று சொன்ன மனுஷன் அவன். கேட்டால் அவனுக்குப் பிடித்திருக்காது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள்.